ஹனோயில் நீர்ப்பொம்மலாட்டம் பார்த்தேன், ஒரு சந்தேகம்

பயணப்பை

போன மாதம் ஐந்து நாள் ஹனோயில் இருந்தேன். எல்லாரும் சொல்கிறார்களே என்று ஹோவான் கியெம் ஏரிக்குப் பக்கத்தில் இருக்கும் தாங் லாங் அரங்கில் நீர்ப்பொம்மலாட்டம் பார்க்கப் போனேன். மேடை இருக்க வேண்டிய இடத்தில் பச்சைத் தண்ணீர் நிறைந்த தொட்டி. அதன் பின்னால் கோயில் கூரை மாதிரி ஒன்று, அதிலிருந்து தொங்கும் மூங்கில் தட்டி. தட்டிக்கு அடியிலிருந்து பொம்மைகள் நீந்தி வருகின்றன. நரி ஒரு வாத்தைக் கவ்விக்கொண்டு மரத்தில் ஏறுகிறது, வாத்துக்காரர் கம்போடு துரத்துகிறார். ஆமை வந்து அரசர் லே லோயிடமிருந்து வாளைத் திரும்ப வாங்கிக்கொண்டு முழுகிவிடுகிறது. அந்த ஏரியின் பெயருக்கே 'வாளைத் திருப்பிக் கொடுத்த ஏரி' என்றுதான் பொருளாம்.

ரசித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 50 நிமிடத்தில் விளக்கைப் போட்டுவிட்டார்கள். சுற்றிப் பார்த்தால் அத்தனை பேரும் என்னைப்போல் கழுத்தில் பை மாட்டியவர்கள். வெளியே வந்தால் அடுத்த காட்சிக்கு வரிசை நிற்கிறது. வயல்காட்டுக் குளத்தில் ஊர்க்காரர்கள் ஊர்க்காரர்களுக்காக ஆடிய ஆட்டம் என்று வழிகாட்டி சொன்னார். அந்த ஊர்க்காரர்கள் எங்கே? இதை இன்னும் நாட்டுப்புறக் கலை என்று சொல்லலாமா? வியட்நாம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சும்மா சொன்னேன்

காசு கொடுத்துப் பார்க்க ஆள் இருக்கிறது, அதனால் ஆட்டம் நடக்கிறது. ஆள் இல்லையென்றால் பொம்மை அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் போயிருக்கும். நீங்கள் போனதால்தான் அது உயிரோடு இருக்கிறது, பிறகு ஏன் கவலை?

கூழாங்கல்

நான் ஹனோயிலிருந்து ஒரு மணி நேரத் தொலைவில், பாக் நின் மாகாணத்தில் வேலை பார்க்கிறேன். ஆறு வருடம் ஆகிறது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் பொம்மலாட்டம். செவ்வாற்றுப் படுகையில் வயலில் தண்ணீர் நிற்கும் ஊர்களில் பிறந்தது. ஹா நாம் பகுதியில் டோய் மலைக் கோயிலில் 1121இல் வெட்டிய கல்வெட்டு ஒன்று இருக்கிறது. லி நியான் தோங் என்ற அரசருக்கு முன்னால், மூன்று மலைகளை முதுகில் சுமந்த தங்க ஆமை நீரில் மிதந்து வந்த காட்சியை அது விவரிக்கிறது. ஆக, 900 வருடங்களுக்கு முன்பே அரசருக்கு ஆடிக் காட்டியிருக்கிறார்கள். 'ஊருக்காக மட்டும் ஆடியது' என்பது முழு உண்மை இல்லை. பெரிய இடத்து விருந்தாளிகள் அன்றைக்கும் இருந்தார்கள்.

பொம்மையை அத்தி வகை மரத்தில் செதுக்குவார்கள். லேசான மரம், மிதக்கும். மேலே அரக்குப் பூச்சு. தண்ணீருக்கு அடியில் நீண்ட மூங்கில் கழி, அதில் கயிறுகள். ஆட்டுகிறவர்கள் இடுப்பளவுத் தண்ணீரில் தட்டிக்குப் பின்னால் நிற்பார்கள். கழியையும் கயிற்றையும் கலங்கல் தண்ணீரே மறைத்துவிடும், அதனால்தான் பொம்மை தானாக நடப்பதுபோல் இருக்கிறது. எந்தக் கயிறு எதை அசைக்கும் என்பது அந்தந்த ஊர்க் குழுவின் ரகசியம். பெண் பிள்ளைகளுக்குக்கூடச் சொல்லித்தர மாட்டார்களாம், வேற்றூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனால் ரகசியமும் கூடவே போய்விடும் என்று.

நீங்கள் பார்த்த ஆட்டத்தில் முதலில் ஒரு குண்டுப் பையன் வந்திருப்பானே, குடுமியும் கோவணமுமாக? அவன் பெயர் தேவு. ஊர்த் திருவிழாவில் அவனுக்கு வாய் நீளம். ஊர்ப் பெரியவர்களைக் கிண்டல் பண்ணுவான், அந்த வருடம் நடந்த வம்பை இழுப்பான். அரங்கத்தில் அவன் வணக்கம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறான். வெளிநாட்டுக்காரருக்கு முன்னால் யாரைக் கிண்டல் பண்ணுவது? பாதி தேவு அங்கேயே போயிற்று.

பயணப்பை

ஆமாம், அந்தப் பையன் வந்தான்! கூட்டத்தில் எங்கோ ஒரு வியட்நாம் பாட்டி மட்டும் சிரித்தார். எங்களுக்கு எதுவும் விளங்கவில்லை.

அரிசிமாவு

கூழாங்கல் அண்ணா, பாக் நின் என்றால் டோங் ஹோ படங்கள் அச்சிடும் ஊர் அங்கேதானே? எலிக் கல்யாணப் படம் ஒன்று என் தங்கை வாங்கி வந்து கொடுத்தாள். அழகாகச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். அதைப் பற்றிச் சொல்லுங்களேன்.

கூழாங்கல்

அந்த ஊர்தான். துவோங் ஆற்றங்கரை. சட்டம் போட்டது தப்பில்லை, ஆனால் அந்தப் படங்கள் சட்டத்துக்காகச் செய்தவை இல்லை. கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தெத் என்பது அவர்களுடைய புத்தாண்டு, நம் தை மாசியில் வரும். அதற்கு முந்தைய சந்திர மாதத்தில் டோங் ஹோ ஊர் மண்டபத்தில் படச் சந்தை கூடும். 6, 11, 16, 21, 26 ஆகிய தேதிகளில், வருடத்துக்கு ஐந்தே சந்தை. வியாபாரிகள் படகில் வந்து கட்டுக்கட்டாக வாங்கிப் போவார்கள். வாங்குகிற குடியானவர் வீட்டுக்கு வந்து போன வருடப் படத்தைக் கிழித்துவிட்டுப் புதியதை மண்சுவரில் ஒட்டுவார். அடுத்த தெத் வந்தால் இதையும் கிழிப்பார். வருடாவருடம் கிழிபட்டதால்தான் வருடாவருடம் அச்சிட வேண்டியிருந்தது. ஊரே அதில் பிழைத்தது.

காகிதம் 'தோ' என்ற மரத்தின் பட்டையிலிருந்து. அதன்மேல் ஒரு வகைச் சிப்பியை இடித்த தூளைக் கஞ்சியில் குழைத்துப் பூசுவார்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் மினுக்கும், உங்கள் படத்தில் பாருங்கள். கறுப்பு, மூங்கில் இலை எரித்த கரி. சிவப்பு, மலையில் கிடைக்கும் சிவப்புக் கல்லைப் பொடித்தது. மஞ்சள், ஹோவே என்ற மரத்தின் பூ மொட்டு. பச்சையும் நீலமும் அவுரிச் செடி. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மரக்கட்டை அச்சு, கடைசியில் கறுப்புக் கோடு. கடையில் வாங்கும் சாயம் எதுவுமே வேண்டாம்.

எலிக் கல்யாணத்தில் மாப்பிள்ளை குதிரையில் வருவார், பெண் பல்லக்கில். ஊர்வலத்துக்கு முன்னால் சில எலிகள் மீனும் பறவையும் எடுத்துக்கொண்டு போய்ப் பூனையிடம் நீட்டும். ஊதுகுழல் ஊதும் எலிக்குக் கை நடுங்குகிறதோ என்று எனக்குத் தோன்றும். லஞ்சத்தைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை.

வேறு படங்களும் உண்டு. தென்னை மரத்தில் ஒருவன் ஏறிக் காய் போட, கீழே ஒருத்தி பாவாடையை ஏந்திப் பிடிக்கிற படம். சக்களத்தியின் கூந்தலை வெட்டக் கத்தரிக்கோலோடு பாயும் மனைவி, நடுவில் மாட்டிக்கொண்டு விழிக்கும் புருஷன். தெத் அன்று வீட்டில் ஒட்டுகிற படமா இது என்று கேட்காதீர்கள், எனக்கும் தெரியாது.

இப்போது அந்த ஊருக்குப் போனால் வீட்டுக்கு வீடு காகிதத்தில் குதிரை, வீடு, கார், செல்பேசி செய்து அடுக்கியிருக்கிறார்கள். எல்லாம் இறந்தவர்களுக்காக எரிப்பதற்கு. சுவர் சிமென்ட் ஆயிற்று, நாள்காட்டி வந்தது, படத்தை யாரும் ஒட்டுவதில்லை. அச்சுப் படம் போடுவது விரல்விட்டு எண்ணக்கூடிய குடும்பங்கள்தான். அவர்களிடம் வாங்குவது நீங்களும் நானும். நாம் கிழிக்க மாட்டோமே. ஒன்று வாங்கினால் ஆயுசுக்கும் அதுதான்.

சும்மா சொன்னேன்

எரிப்பதற்குக் காகிதக் கார் செய்வதும் நாட்டுப்புறக் கலைதானே? வருடாவருடம் வேண்டியிருக்கிறது, ஊர்க்காரன் ஊர்க்காரனுக்காகச் செய்கிறான். நீங்கள் சொன்ன எல்லா லட்சணமும் அதற்குப் பொருந்துகிறது. படம் அழகாக இருக்கிறது, கார் அசிங்கமாக இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

கூழாங்கல்

இது எனக்குத் தோன்றவே இல்லை. ஒப்புக்கொள்கிறேன். அசிங்கம் என்றுதான் முகத்தைத் திருப்பியிருக்கிறேன்.

தாளக்கட்டு

இழை நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. நான் இசைப் பக்கமாக ஒன்று சொல்கிறேன்.

வியட்நாமின் வடக்கில் கா ட்ரூ என்று ஒரு பாட்டு மரபு. பாடுகிற பெண் சப்பணமிட்டு உட்கார்ந்து, மூங்கில் துண்டு ஒன்றைச் சின்னக் குச்சிகளால் தானே தட்டிக்கொண்டு பாடுவார். பக்கத்தில் ஓர் ஆண், மூன்று நரம்புள்ள நீளக் கழுத்து வாத்தியத்தை வாசிப்பார். மூன்றாவதாக ஒரு சின்ன மத்தளம். அதை அடிப்பவர் கலைஞர் இல்லை, கேட்க வந்தவர்! பாட்டில் எந்த இடம் நன்றாக இருந்தது என்பதை அவர் அடியால் சொல்ல வேண்டும். கவிதை தெரியாதவர் அடித்தால் சபையில் மானம் போகும். 'ட்ரூ' என்றால் மூங்கில் சீட்டு. ரசித்த இடத்துக்குச் சீட்டுக் கொடுப்பார்கள், முடிந்த பிறகு எண்ணிப் பாடகிக்குக் காசாக மாற்றிக்கொடுப்பார்கள்.

கேட்பவன் பாதி வித்வானாக இருந்தால்தான் நடக்கிற கலை. அது தேய்ந்தது பாடகிகள் இல்லாமல் போனதால் மட்டும் இல்லை. ஹனோயில் கம் தியென் தெருப் பாட்டு வீடுகளில் குடியும் கூத்தும் சேர்ந்து பெயர் கெட்டது. 1945க்குப் பிறகு பழைய மேட்டுக்குடிக் கேளிக்கை என்று ஒதுக்கினார்கள். கிட்டத்தட்ட இரண்டு தலைமுறை. குவாக் தி ஹோ (1909–2001) மாதிரி ஒரு சிலர் நினைவிலும் குரலிலும் வைத்துக் காப்பாற்றினார்கள். 2009இல் யுனெஸ்கோ அவசரமாகக் காக்க வேண்டிய பட்டியலில் சேர்த்தது. இப்போது இளைஞர்கள் பாடக் கற்கிறார்கள், சரி. மத்தளத்தை யார் எடுப்பது? இப்போதெல்லாம் அதையும் குழுவில் ஒருவரே அடித்துவிடுகிறார். கேட்பவர்கள் கை தட்டுகிறார்கள்.

பழைய கப்பல்

யுனெஸ்கோ பட்டியல் என்றாலே அடக்கம் பண்ணியாயிற்று என்று பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஃபூ தோ மாகாணத்து ஸோவான் பாட்டு 2011இல் இதே அவசரப் பட்டியலில் இருந்தது. பழைய பாடகர்களைத் தேடிப் பிடித்து, ஊர்க் குழுக்களைத் திரும்ப உட்காரவைத்து, பள்ளியில் சொல்லிக்கொடுத்து, 2017இல் அவசரப் பட்டியலிலிருந்து எடுத்துப் பொதுப் பட்டியலுக்கு மாற்றினார்கள். ஹூங் அரசர்களின் கோயில் வாசலில் வசந்தத்தில் பாடுகிற பாட்டு அது. பாட இடமும் நாளும் கெடாமல் இருந்ததும் உதவியிருக்கும் என்று நினைக்கிறேன்.

கூழாங்கல்

பாட்டுப் பேச்சு வந்துவிட்டதே, எங்கள் பாக் நின் குவான் ஹோவைச் சொல்லாமல் விட்டால் இங்கே எனக்குச் சோறு போட மாட்டார்கள்.

ஒரு ஊர் ஆண்கள் இருவர், இன்னோர் ஊர்ப் பெண்கள் இருவர். எதிரெதிரே பாயில் உட்காருவார்கள். பெண்கள் ஒரு பாட்டுப் பாடினால் ஆண்கள் அதே மெட்டில் வேறு சொற்களில் பதில் பாட வேண்டும். பதில் இல்லையென்றால் தோற்றது. சாயங்காலம் தொடங்கி விடியும்வரை போகும். பக்கவாத்தியம் கிடையாது. இருவர் குரலும் ஒரே குரலாகக் கேட்க வேண்டும், அதற்காகச் சின்ன வயதிலேயே ஒத்த குரல் பார்த்து ஜோடி சேர்ப்பார்கள். தொண்டைக்குள் மணி மணியாகத் தெறிக்கிற ஓர் ஒலி உண்டு, விதை முளைவிடுவதற்குச் சொல்கிற சொல்லையே அதற்கும் சொல்கிறார்கள். அதைப் பிடிக்கப் பல வருடம் ஆகும்.

எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் கூப்பிட்டுக்கொள்கிற விதம். எழுபது வயதுப் பாட்டியும் எதிரில் இருப்பவரை அண்ணன், அக்கா என்றுதான் சொல்வார். தன்னைத் தங்கை என்பார். பாட்டெல்லாம் காதல் பாட்டு. ஆனால் நட்புப் பூண்ட இரண்டு குழுவுக்குள் கல்யாணம் கூடாது, உடன்பிறந்தவர்கள் முறை. இரவெல்லாம் உருகி உருகிப் பாடிவிட்டு, விடியலில் 'போகாதே' என்று ஒரு பிரிவுப் பாட்டு, அப்புறம் அவரவர் வீடு.

தெத் முடிந்து முதல் மாதம் 13ஆம் நாள் லிம் குன்றில் பெரிய திருவிழா. முதல் வருடம் ஆசையாகப் போனேன். ஒவ்வொரு கூடாரத்திலும் ஒலிபெருக்கி, ஒன்று பாடுவது இன்னொன்றுக்குக் கேட்கவிடாது. குளத்தில் படகில் பாடினார்கள், தொப்பியை நீட்டினால் கூட்டம் காசு போட்டது. நொந்துபோய் வந்தேன். கூட வேலை பார்ப்பவரின் அம்மா அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். அடுத்த மாதம் டியெம் ஊருக்குக் கூட்டிப்போனார். குவான் ஹோவின் தாய் என்று கும்பிடுகிற அரசியம்மனுக்கு அங்கே கோயில் இருக்கிறது. ஒரு வீட்டுக் கூடத்தில் இருபது பேர். முதலில் வெற்றிலை வந்தது, பறவைச் சிறகு போல மடித்தது. பிறகு தேநீர். பிறகு பாட்டு. நடுவில் ஒரு பாட்டி பதில் மறந்துபோய் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். எதிர்த்தரப்பு அம்மாவே முதல் அடியை மெல்ல எடுத்துக்கொடுத்தார். என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. நான் இல்லாவிட்டாலும் அது அப்படியேதான் நடந்திருக்கும்.

பயணப்பை, நீங்கள் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருப்பது இந்தச் சாயங்காலம்தான்.

அரிசிமாவு

வெற்றிலையா! அங்கேயும் வெற்றிலை முதலில் வருமா?

கூழாங்கல்

'வெற்றிலைதான் பேச்சுக்குத் தலை' என்று பழமொழியே உண்டு. பெண் கேட்டுப் போகும்போதும் வெற்றிலை பாக்குத் தட்டுதான். அதற்கு ஒரு கதை: தான், லாங் என்று அண்ணன் தம்பி, உருவத்தில் அச்சு அசல் ஒன்று. அண்ணனுக்குக் கல்யாணம் ஆனதும் தம்பி ஒதுங்கிப்போய் ஆற்றங்கரையில் செத்துச் சுண்ணாம்புக் கல்லாகிறான். தேடிப்போன அண்ணன் அங்கேயே கமுகு மரமாகிறான். அவனைத் தேடிப்போன மனைவி அந்த மரத்தைச் சுற்றிய வெற்றிலைக் கொடியாகிறாள். மூன்றையும் சேர்த்து மென்றால் ரத்தச் சிவப்பு. நாம் இத்தனை தலைமுறையாக மென்றும் நமக்கு இந்தக் கதை தோன்றவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் பொறாமை.

பழைய கப்பல்

என் தாத்தா காரைக்காலிலிருந்து பிரெஞ்சுக்காரர் காலத்தில் சைகோன் போனவர். அங்கே தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயில் இன்னும் ட்ருவோங் டின் தெருவில் இருக்கிறது. கும்பிட வருபவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியர், சீனர். கையில் ஊதுவத்தி, சிலர் கல் சுவரில் முகத்தை வைத்து வேண்டுதலைக் கிசுகிசுக்கிறார்கள். யாருக்கும் தமிழ் தெரியாது, அம்மன் கேட்டுக்கொள்கிறாள்.

இது அங்கே புதிதில்லை. நியா சாங்கில், அந்தப் பகுதியை முன்பு ஆண்ட சாம் மக்கள் கட்டிய போ நகர் செங்கல் கோபுரங்களில் இருந்த அம்மனைத் தெற்கே குடியேறிய வியட்நாமியர் 'தியென் இ ஆ நா' என்று தங்கள் தாய்த் தெய்வமாக ஆக்கிக்கொண்டார்கள். பட்டு அங்கி போர்த்திக் கும்பிடுகிறார்கள். வடக்கே தாய்த் தெய்வ வழிபாட்டில் சாமி வந்து ஆடுகிறவர்கள் பல மணி நேரம் அங்கி மாற்றி மாற்றி ஆடி, வந்தவர்களுக்குப் பழம், சில்லறை நோட்டு எல்லாம் அள்ளிக் கொடுப்பார்கள். பல பத்தாண்டுகள் மூடநம்பிக்கை என்று அரசு தடுத்தது. ஒளிந்து ஆடினார்கள். 2016இல் அதே வழிபாடு யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது, அரசே விண்ணப்பித்து! இப்போது அரங்கிலும் ஆடிக் காட்டுகிறார்கள்.

சும்மா சொன்னேன்

எல்லாம் இனிப்பாகவே போகிறதே. அதே பாக் நின்னில் நெம் துவோங் என்ற ஊரில் திருவிழாவில் பன்றியைக் கூட்டத்துக்கு நடுவில் இரண்டாக வெட்டி, ரத்தத்தில் பணத்தாளை நனைத்து எடுத்துக்கொண்டு போவார்களே, அதையும் ஊர்க்காரர் ஊர்க்காரருக்காகத்தான் செய்தார்கள். அதையும் காப்பாற்றவா?

கூழாங்கல்

2015இல் விலங்கு நல அமைப்பு ஒன்று நிறுத்தச் சொன்னது. நாடு முழுக்கச் சண்டை. 'அரசன் சட்டம் ஊர் வழக்கத்திடம் தோற்கும்' என்ற பழமொழியை ஊர்ப் பெரியவர்கள் எடுத்து வீசினார்கள். கடைசியில் ஊர்வலம் மட்டும் வெளியே, வெட்டு மறைவில் என்று ஆயிற்று. ஊரில் முணுமுணுப்பு இருக்கிறது, ஆனால் ஊர்வலத்துக்குக் கூட்டம் குறையவில்லை. நான் போகவில்லை, போகவும் மாட்டேன். காப்பாற்றச் சொல்லி யாரும் என்னைக் கேட்கவில்லை.

அரிசிமாவு

ரத்தம் என்றதும் நினைவு வருகிறது. தாம், காம் என்ற அக்கா தங்கையைப் பற்றிய வியட்நாம் பழங்கதையைச் சிண்ட்ரெல்லா மாதிரி என்று சொன்னார்களே என்று என் மகளுக்குப் படித்துக்காட்டினேன். மாற்றாந்தாய், எலும்பிலிருந்து பட்டுத் துணி, தொலைந்த செருப்பு எல்லாம் சரி. முடிவில் தாம், தன் தங்கை காமைக் கொதிநீரில் கொன்று, மீன் ஊறுகாய் போல ஊறவைத்துச் சித்திக்கே அனுப்புகிறாள். அவள் ருசித்துச் சாப்பிடுகிறாள், பானையின் அடியில் மண்டையோடு! புத்தகத்தைப் படக்கென்று மூடிவிட்டேன். மகள் 'அப்புறம்?' என்கிறாள்.

தாளக்கட்டு

அங்கேயும் பாடப்புத்தகத்தில் அந்த முடிவை வைப்பதா வெட்டுவதா என்று பெரிய விவாதம் நடந்தது. பாட்டிமார் வெட்டாமல்தான் சொல்கிறார்கள். உங்கள் மகளும் பாட்டிமார் கட்சி.

பயணப்பை

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. கூழாங்கல், அடுத்த முறை டியெம் ஊருக்கு வர வழி உண்டா? இல்லை, நான் வந்தால் அதுவும் கெட்டுவிடுமா?

கூழாங்கல்

ஒருவர் வந்தால் கெடாது. பேருந்து வந்தால் கெடும். தெத் சமயத்தில் வராதீர்கள், மூன்றாம் மாதம் வாருங்கள். வெற்றிலையை மெல்லத் தெரிந்தவர் என்றால் பாட்டிகளுக்கு உடனே பிடித்துவிடும், இப்போது அங்கே சின்னப் பெண்கள் யாரும் மெல்வதில்லை.

அரிசிமாவு

கடைசியாக ஒன்று. இந்த இழையைப் படித்துவிட்டுத் தங்கையிடம் சொல்லி எலிக் கல்யாணம் இன்னொன்று வரவழைத்தேன். சட்டம் போட்டது கூடத்தில் இருக்கட்டும். இதைச் சமையலறைச் சுவரில் கோந்து தடவி ஒட்டிவிட்டேன், அடுத்த தைக்குக் கிழிப்பதாக உத்தேசம். மாமியார் வந்து பார்த்துவிட்டு, "எலிக் கல்யாணத்துக்குப் பூனை எதுக்கு வந்திருக்கு?" என்று கேட்டார். மீனும் பறவையும் கொடுக்கிற எலிகளைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

"ஓ, மொய் வாங்க வந்திருக்கா" என்றார்.